மன்ஹாட்டன் தெருக்களில் வெள்ளைப் புகை வருவது ஏன்?

நியூயார்க்குக்குப் போகாதவர்களுக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். நடுத்தெருவில் மேன்ஹோல் மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ பொங்கி வரும். சில இடங்களில் அதன்மேல் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, ஆளைவிட உயரமான புகைக்குழாய் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். சாக்கடை வாயு என்றும், சுரங்க ரயிலின் புகை என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்வதுண்டு. இரண்டும் இல்லை. மன்ஹாட்டனின் தெருக்களுக்கு அடியில் 160 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீர், மின்சாரம், எரிவாயு போல அங்கே நீராவிக்கும் மீட்டர் வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள்.

அதற்காக, குழாய் ஒழுகுகிறது என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. சில சமயம் ஒழுகுவதும் உண்டுதான். ஆனால் வெளியே தெரியும் வெண்மையில் பெரும்பகுதி, குழாய்க்குள் இருந்த நீராவியே அல்ல. மழைநீரோ, நிலத்தடி நீரோ, வேறு குழாயிலிருந்து கசிந்த தண்ணீரோ பள்ளத்தில் இறங்கி, கொதிக்கும் குழாயின் மேல்புறத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்திலேயே ஆவியாகி மேலே வருகிறது. மழை நாளில் புகை அதிகமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை அருகில் போய்ப் பாருங்கள். மூக்கை ஒட்டி ஒரு விரற்கடை அளவுக்கு ஒன்றுமே இருக்காது. அதற்கு அப்பால்தான் வெண்மை தொடங்கும். ஒன்றுமில்லாததுபோல் தெரியும் அந்த இடைவெளியில் இருப்பதுதான் உண்மையான நீராவி. வெண்மையாகத் தெரிவது, குளிர்ந்த காற்று பட்டு மறுபடி தண்ணீரான நுண்துளிகள். அவை மோதும் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகின்றன. மேன்ஹோலுக்கு மேல் நடப்பதும் இதேதான். அந்த வெண்திரை ஓட்டுநர்களின் கண்ணை மறைக்கக்கூடாது என்பதற்காகத்தான் ஆரஞ்சுப் புகைக்குழாய். தெரு மட்டத்தில் பரவ வேண்டியதைத் தலைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது.

இந்த ஏற்பாட்டின் வயதைக் கேட்டால் யாருக்கும் வியப்பு வரும். 1877-இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் ஊரில் பேர்ட்சில் ஹாலி என்ற பொறியாளர், ஓர் இடத்தில் நீராவி தயாரித்துக் குழாய் வழியே பல வீடுகளுக்கு அனுப்பிக் காட்டினார். 1882 மார்ச்சில் மன்ஹாட்டனின் தென்கோடியில் நீராவி விநியோகம் தொடங்கிவிட்டது. தாமஸ் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். ஆக, அந்தப் பகுதிக்கு மின்விளக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே நீராவி வந்துவிட்டது. இன்று இதை நடத்துவது கான் எடிசன் நிறுவனம். தெற்கு முனையிலிருந்து மேற்குப் பக்கம் 96-ஆம் தெரு வரைக்கும் குழாய்கள் போகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இதை நம்பி இருக்கின்றன. எம்பயர் ஸ்டேட் கட்டடமும் அதில் ஒன்று.

சுடுநீரையே அனுப்பியிருக்கலாமே, நீராவி எதற்கு? இதற்கான விடையில்தான் இந்த விஷயத்தின் அழகு இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கச் சுமார் 420 கிலோஜூல் வெப்பம் போதும். அதே 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி நீராவியாக மாற்ற மட்டும் 2,257 கிலோஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் வெப்பமானி ஒரு டிகிரிகூட ஏறியிருக்காது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம். கொதிகலனில் வாங்கிய அந்த வெப்பத்தை நீராவி சுமந்துகொண்டே போய், எங்கே குளிர்ந்து தண்ணீராகிறதோ அங்கே மொத்தமாக இறக்கிவிடுகிறது. தெருக்குழாயில் அது சுமார் 180 டிகிரியில், காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு அழுத்தத்தில் பாய்கிறது. தள்ளிவிட வழியில் பம்பு எதுவும் தேவையில்லை. கொதிகலனில் இருக்கும் அழுத்தமே அதைக் கட்டடம் வரை கொண்டுசேர்த்துவிடுகிறது.

உயரம் என்று வரும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. தண்ணீரைச் சுமார் பத்து மீட்டர் ஏற்ற ஒரு காற்றழுத்தம் செலவாகும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 102-ஆம் மாடி ஏறக்குறைய 380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வரை ஒரே குழாயில் தண்ணீர் நின்றால் அடியில் ஏறக்குறைய 37 காற்றழுத்த அளவுக்கு அழுத்தும். அதே உயரத்துக்கு நீராவி நின்றால் அதன் எடை ஒரு காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. வானளாவிய கட்டடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வெப்ப வாகனம் அந்தக் காலத்தில் வேறு இருக்கவில்லை.

தண்ணீரின் எடையால் வந்த தொல்லையை நியூயார்க்கின் கூரைகளில் நேராகவே பார்க்கலாம். வடக்கே மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து பெரும்பாலும் தானாகவே இறங்கி வரும் குடிநீர், தெருவில் இருக்கும் அழுத்தத்தால் ஏறத்தாழ ஆறாவது மாடிவரைதான் ஏறும். அதற்கு மேற்பட்ட கட்டடங்கள் பம்பு வைத்துக் கூரையில் இருக்கும் மரத்தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து கீழே விடுகின்றன. அந்தத் தொட்டியைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையங்களைக் கவனியுங்கள். மேலே இடைவெளி விட்டு விட்டு, கீழே போகப் போக நெருக்கமாக இருக்கும். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது என்ற பாடத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கரும்பலகை வேறெங்கும் கிடைக்காது. பலகைகளுக்கு நடுவே பசை கிடையாது. நீரில் ஊறி மரம் உப்பும்போது இடுக்குகள் தாமாகவே அடைபடுகின்றன.

மறுபடி தெருவுக்கு அடியில் போவோம். நீராவிக் குழாய்க்கு உண்மையான ஆபத்து நீராவியிடமிருந்து வருவதில்லை, தண்ணீரிடமிருந்து வருகிறது. எவ்வளவு காப்புறை சுற்றினாலும் வழியில் கொஞ்சம் நீராவி குளிர்ந்து குழாயின் அடியில் தண்ணீராகத் தேங்கும். அதை மட்டும் வெளியேற்றி, நீராவியை விடாமல் பிடித்துவைக்க ஆங்காங்கே ‘ஸ்டீம் ட்ராப்’ என்ற சிறு கருவி பொருத்தியிருப்பார்கள். அது அடைபட்டால் தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் ஆறிப்போயிருந்தால், அதற்குள் சிக்கிய நீராவிக் குமிழி நொடிப்பொழுதில் தண்ணீராகிவிடும். காற்றழுத்த நிலையில் 1,600 மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும் பொருள் அது. பத்து மடங்கு அழுத்தத்திலும் 150 மடங்குக்கு மேல் பிடித்திருக்கும். அவ்வளவு இடமும் திடீரென்று காலியாக, இரு பக்கத்துத் தண்ணீரும் அந்த வெற்றிடத்தை நோக்கிப் பாய்ந்து மோதும். நீரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் சட்டென்று நின்றாலே அழுத்தம் பதினான்கு காற்றழுத்தம் வரை எகிறக்கூடும். வேகம் பத்து மீட்டர் என்றால் அதுவும் பத்து மடங்காகும். பொறியாளர்கள் இதை வாட்டர் ஹாமர் என்பார்கள்.

2007 ஜூலை 18 அன்று, கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே லெக்சிங்டன் அவென்யூவும் 41-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் நடந்தது இதுதான். அங்கே 1924-இல் பதித்த குழாய் ஒன்று மாலை நேரத்தில் வெடித்தது. காலையில் பெய்த கனமழையின் குளிர்ந்த நீர் குழாயைச் சூழ்ந்து நின்றதால் உள்ளே வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் சேர்ந்தது. அதை வெளியேற்ற வேண்டிய ஸ்டீம் ட்ராப்புகளோ, முன்பு ஒரு கசிவை அடைக்கப் பயன்படுத்திய பூச்சின் துணுக்குகளால் அடைபட்டிருந்தன. எழுந்த நீராவித் தூண் பக்கத்திலிருந்த கிரைஸ்லர் கட்டடத்தையும் தாண்டி உயர்ந்தது. தெருவில் பெரும் பள்ளம் விழுந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். வெளியே குழாயைத் தொட்டு வெண்புகையாக எழும் அதே மழைநீர்தான் அளவு மீறியபோது உள்ளே வெடிக்கவும் காரணமானது. ஆகவே ஒரு மூலையில் புகை வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தால், அதை அழகுக் காட்சியாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்வதே சரி.

கட்டடங்களுக்குள் போன பிறகு நீராவி செய்யும் வேலைகள் பல. அறைகளைச் சூடாக்குகிறது, சலவையகங்களில் துணி தேய்க்கிறது, மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்கிறது. கோடையில் குளிரூட்டவும் செய்கிறது. காற்று நீக்கிய கலத்தில் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால் தண்ணீர் ஐந்தாறு டிகிரியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள குழாயிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சும். கரைசலைச் சூடாக்கி நீரைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தத் தேவையான வெப்பத்தைத் தருவது தெருவிலிருந்து வரும் நீராவி.

இதில் எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்து தண்ணீரான நீராவி, கொதிகலனுக்குத் திரும்புவதில்லை. திரும்பிவரக் குழாயே கிடையாது. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வெப்பம் இன்னும் அதில் மிச்சமிருக்கும். சில கட்டடங்கள் அதைக் குளிக்கும் நீரைச் சூடாக்கப் பயன்படுத்துகின்றன. பல இடங்களில் குளிர்ந்த நீரைக் கலந்து ஆற்றிச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள், சுத்திகரித்த நல்ல நீரோடு சேர்த்து.

கோபன்ஹேகன் நகரம் தன் நீராவிக் குழாய்களைக் கைவிட்டுச் சுடுநீர்க் குழாய்களுக்கு மாறியது. வெப்பநிலை குறைவாக இருந்தால் போதும் என்பதால் வழியில் இழப்பும் குறையும், காற்று, நீர் போன்றவற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் வெப்பப் பம்புகளையும் எளிதில் இணைக்கலாம். மன்ஹாட்டன் அதைப் பின்பற்றுவது அவ்வளவு சுலபமில்லை. கட்டடங்களுக்குள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களும் குளிர்விப்பான்களும் நீராவிக்கென்றே செய்தவை. நிலத்தடியில் இரண்டாவது குழாய்க்கு இடம் தேடுவதும் பெரும்பாடு. 2019-இல் நகரம் கொண்டுவந்த கட்டடக் கரிம உமிழ்வுச் சட்டத்தின் வரம்புகள் 2024-இல் தொடங்கி, 2030-இல் இன்னும் இறுகுகின்றன. கொதிகலனில் எந்த எரிபொருள் எரிகிறது என்பது குழாய்க்கு ஒரு பொருட்டல்ல. ஒருசில நிலையங்களில் எரிபொருளை மாற்றினாலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களின் உமிழ்வு ஒரே சமயத்தில் குறையும் என்பதால், முதல் செலவை அங்கேதான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.