ஷாக் அப்சார்பரை இரண்டு முறை மாற்றியும் கேரவன் உலுக்குவது ஏன்?

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளோடு வட மாநிலங்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய அவர், பழைய டீசல் மினி பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைப் பொருத்தி, பதிவுச் சான்றிதழிலும் முறைப்படி மாற்றம் செய்து, கேரவனாக ஆக்கியிருக்கிறார். “வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி ஒருவாறு தாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒட்டுப்போட்ட சாலையில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் தாளம் போடுகின்றன, வயிற்றில் குடல் குலுங்குகிறது. அதே சாலையில் 60-க்குப் போனால் சற்றுக் குறைகிறது. ஷாக் அப்சார்பரை இரண்டு முறை மாற்றிவிட்டேன், பயன் இல்லை. வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருவதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்” என்பது அவருடைய கடிதத்தின் சாரம்.

கூட்டுத்தொகையை விட்டுவிடுவோம். எட்டு என்ற எண்ணுக்குச் சாலையின் மேடுபள்ளம் தெரியாது. புதுவண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதால் ஒரு பழத்துக்கு மேல் நட்டமில்லை. விரும்பிய எண்ணுக்காகக் கட்டும் பணத்தில் நல்ல டயர்கள் வாங்கலாம் என்பது மட்டும் என் கருத்து. கடிதத்தில் உண்மையான துப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய மேட்டைத் தாங்குகிற வண்டி சிறிய ஒட்டுகளைத் தாங்கவில்லை என்பதும், வேகம் கூடினால் உலுக்கல் குறைகிறது என்பதும், ஷாக் அப்சார்பர் மாற்றியது எடுபடவில்லை என்பதும் ஒரே குற்றவாளியைத்தான் சுட்டுகின்றன.

வில்லின் மேல் நிற்கும் எந்தச் சுமைக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். அதைக் கணக்கிட எளிய வழி ஒன்று இருக்கிறது. சுமையின்கீழ் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், நொடிக்கு எத்தனை முறை அது ஆடும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் 1 ஹெர்ட்ஸ். 8 சென்டிமீட்டர் அமுங்கினால் சுமார் 1.75 ஹெர்ட்ஸ், 2 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால் 3.5 ஹெர்ட்ஸ். சொகுசுக் கார்கள் ஒன்றை ஒட்டியும், சுமை வண்டிகள் இரண்டை ஒட்டியும் ஆடுகின்றன. உட்கார்ந்திருக்கும் மனித உடலோ, மேலும் கீழுமான ஆட்டத்தில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைத்தான் மிகவும் வெறுக்கிறது. நம் வயிற்று உறுப்புகளும் முதுகெலும்பும் அந்தத் தாளத்துக்கு ஒத்துப் பாடத் தொடங்கிவிடுவதே காரணம். ஐ.எஸ்.ஓ. 2631 என்ற பன்னாட்டுத் தர அளவீடும் செங்குத்து அதிர்வில் அந்தப் பகுதிக்கே அதிக எடை தருகிறது.

இப்போது வாசகரின் சாலைக்கு வருவோம். ஒட்டுகள் சராசரியாக மூன்று மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 45 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 12.5 மீட்டரில், சக்கரம் நொடிக்கு நான்கு முறைக்குச் சற்று மேல் உதை வாங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தரை முறை. அப்படியானால் இந்த வண்டி நான்கு ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்கிறது, அதாவது உதையின் தாளம் வண்டியின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தி ஆட்டம் பெருகுகிறது; அதைத் தாண்டினால் தணிகிறது. ஆனால் வண்டியின் பின்வில் எட்டு சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று அவரே அளந்து அனுப்பியிருக்கிறார். கணக்குப்படி அது 1.75 ஹெர்ட்ஸில் அல்லவா ஆட வேண்டும்? நான்கு எங்கிருந்து வந்தது?

இங்கேதான், என்னை எப்போதும் கட்டிப்போடுகிற ஒரு பொறிமுறை வருகிறது.

கொங்கு நாட்டில் வசதியான தோட்டத்து வீடுகளில் ஒரு காலத்தில் வில்வண்டி நின்றது. பார வண்டிக்கு அச்சின் மேலேயே சட்டம் உட்காரும். வில்வண்டிக்கு இடையில் வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு இருக்கும். இன்றைய லாரியிலும் மினி பஸ்ஸிலும் இருப்பது அதே அடுக்குதான். நீளமான பட்டை மேலே, அதற்கடுத்து சற்றுக் குட்டையானது, அதற்கும் கீழே இன்னும் குட்டையானது என்று ஏழெட்டுப் பட்டைகளை நடுவில் சென்டர் போல்ட்டால் கோத்து, யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கிவிடுகிறார்கள். சுமை ஏறும்போது அடுக்கு நிமிர்கிறது. அப்போது ஒவ்வொரு பட்டையின் முனையும் அதற்கு மேலே உள்ள பட்டையின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டு நகர வேண்டியிருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்களின் ஓரம் படிக்கட்டுபோல் விலகும். தாள்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டு வளைத்தால் அது புத்தகமாக இருக்காது, பலகையாக இருக்கும்.

பட்டைகளுக்கு இடையிலான உராய்வு அந்தப் பசை. பின்சக்கரத்தின் ஒரு பக்கம் 1,500 கிலோ எடையைத் தாங்குகிறது என்றும், பட்டைகளின் உராய்வு அதில் 8 விழுக்காடு, அதாவது 120 கிலோ விசை என்றும் வைத்துக்கொள்வோம். சாலையிலிருந்து வரும் உதை 120 கிலோவைத் தாண்டும்வரை பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நகரவே நகரா. வில் இருக்கிறது, ஆனால் உறங்குகிறது. அந்த நேரத்தில் வண்டியின் உடலும் அச்சும் ஒரே கட்டையாகிவிடுகின்றன; மொத்தப் பாரத்துக்கும் வில்லாக மிஞ்சியிருப்பது டயர் மட்டுமே. நன்கு காற்றடைத்த டயர்கள் அந்தச் சுமையில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்வரை நசுங்கி நிற்கும் என்று கொண்டு, 5-ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். நமக்குக் கிடைப்பது 3.5 முதல் 4 ஹெர்ட்ஸ். வாசகரின் டம்ளர்கள் தாளம் போட்டது டயரின் மேல்தான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஷாக் அப்சார்பரின் ஒரு முனை அச்சிலும் மறுமுனை சட்டத்திலும் கட்டப்பட்டிருக்கிறது. அவ்விரண்டுக்கும் இடையே அசைவு இருந்தால்தான் அதனுள் எண்ணெய் சிறுதுளைகள் வழியே பாய்ந்து ஆட்டத்தைத் தின்னும். வில் உறங்கும்போது அச்சும் சட்டமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் பயணச்சீட்டு வாங்காத ஒரு பயணியாகக் கூடவே போய் வருகிறது. டயரின் ரப்பருக்கு ஆட்டத்தைத் தணிக்கும் திறன் மிகக் குறைவு என்பதால், நான்கு ஹெர்ட்ஸ் ஆட்டம் தடுப்பார் இல்லாமல் வளர்கிறது. வேகத்தடையிலோ உதை 120 கிலோவை எளிதில் தாண்டிவிடுகிறது. பட்டைகள் விழித்து நகர்கின்றன. ஷாக் அப்சார்பரும் வேலை செய்கிறது. பெரியதைத் தாங்கிச் சிறியதைத் தாங்காத புதிர் இவ்வளவுதான். 8 விழுக்காடு உராய்வு என்றால், புவியீர்ப்பு முடுக்கத்தில் 8 விழுக்காடு அளவுக்கு, அதாவது நொடிக்கு நொடி சுமார் 0.8 மீட்டர்வரை, உடல் தூக்கிப் போடப்பட்ட பிறகுதான் வில் கண் திறக்கும். மனிதர்கள் வசதிக்குறைவை உணரத் தொடங்குவது அதற்கும் கீழேயே.

இதை நம்ப வைப்பதற்காக வாசகரிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். பின்பக்கச் சட்டத்தில் ஓர் அட்டையைச் செங்குத்தாகக் கட்டி, அச்சில் ஒரு பென்சிலை ரப்பர் வளையத்தால் அழுத்தி நிறுத்தி, அதே ஒட்டுச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அட்டையைக் கழற்றிப் படமெடுத்து அனுப்பினார். நீளமாக மூன்று கோடுகள், மூன்று வேகத்தடைகளுக்கு உரியவை. மற்றபடி பத்துக் கிலோமீட்டர் உலுக்கலுக்கும் சேர்த்து, மிளகு அளவில் ஒரு கருப்புப் புள்ளி.

ஆகவே வைத்தியம் பட்டைகளிடம் தொடங்க வேண்டும். பட்டறைக்காரர்கள் முதலில் சொல்வது, “ஒரு பட்டையைக் கழற்றிவிடலாம்” என்பது. எட்டில் ஒன்றை எடுத்தால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு குறையும். அதிர்வெண் குறைவதோ ஏறக்குறைய 6 விழுக்காடுதான், ஏனெனில் அது வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. எஞ்சிய ஏழு பட்டைகளின் தகைவு, அதாவது எஃகின் உள்ளே ஏறும் இறுக்கம், மட்டும் 14 விழுக்காடு ஏறிவிடும். ஆதாயம் சிறிது, ஆபத்து பெரிது. உடைந்த லாரிப் பட்டையில் நல்ல கொடுவாள் அடிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அது மலைப்பாதையில் உடைந்த பட்டையாக இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது அடுக்கைப் பிரிப்பது. இவருடைய வண்டியில் பிரித்தபோது, பட்டைகளுக்கு இடையே செம்மண் தூசும் துருவும் இறுகிச் சிமெண்டுபோல் ஆகியிருந்தன. கீழ்ப்பட்டையின் முனை மேல்பட்டையில் விரல் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. பள்ளம் விழுந்த பட்டைகளை மாற்றி, முனைகளை வழவழப்பாகத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசி, முனைகளுக்கு இடையே பிளாஸ்டிக் திண்டுகள் வைத்து, பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள் என்ற இணைப்பில் இறுகிப்போயிருந்த பின்களையும் புஷ்களையும் புதிதாக்கினார்கள். யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைவிடவும் அழகான தீர்வு பரவளையப் பட்டை. முனையிலிருந்து நடுவை நோக்கி வர வர பட்டையை வளைக்கும் திருப்புத்திறன் (நெம்பும் வலு) தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது; பட்டையின் தாங்கும் திறனோ தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. எனவே தடிமன் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றினால், அதாவது பட்டையின் வடிவம் பரவளையமானால், நுனி முதல் நடு வரை ஒவ்வோர் அங்குல எஃகும் ஒரே அளவு உழைக்கும். சோம்பேறி எஃகு இல்லாததால் எட்டுப் பட்டைகளின் வேலையை இரண்டு மூன்றே செய்துவிடுகின்றன; அவையும் நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொட்டுக்கொள்வதால் உராய்வு பெருமளவு ஒழிகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் வளைவரை ஒன்று இரும்பாக நிற்பதைப் பார்க்க விரும்புவோர், புதிய லாரி ஒன்றின் கீழே குனிந்து பார்க்கலாம்.

பேருந்துகளில் வரும் ஏர் சஸ்பென்ஷனைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். சுமை கூடினால் பலூனின் அழுத்தத்தைக் கூட்டி உயரத்தைக் காப்பதால் விறைப்பும் சுமையோடு சேர்ந்தே கூடுகிறது. ஆதலால் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் அதிர்வெண் ஏறக்குறைய மாறாது, உரசும் பட்டைகளும் இல்லை. ஆனால் பட்டை என்பது வில் மட்டுமன்று, அச்சை இடத்தில் பிடித்துவைக்கும் கையும் அதுவே. அதை எடுத்தால் தனியே தண்டுகள் வேண்டும், மாற்றத்துக்கு முறையான அனுமதியும் வேண்டும். பட்டையை அப்படியே விட்டு அதன்மேல் சிறு பலூன் வைக்கும் குறுக்குவழி, தொங்கிப்போன வண்டியைத் தூக்கி நிறுத்துமே தவிர, உராய்வை ஒன்றும் செய்யாது.

எடை விஷயம் ஒன்று பாக்கி. லாரிக்குக் காலியாகவும் ஓட வேண்டும், பாரத்தோடும் ஓட வேண்டும். மினி பஸ்ஸுக்குக் காலை நேரக் கூட்டத்தையும் தாங்க வேண்டும். கேரவனின் எடை மட்டும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே எடைமேடைக்குப் போய் முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றியும் பிறகு முழு வண்டியை ஏற்றியும் இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டால், வில்லையும் டயர் காற்றையும் அந்த ஒரே எடைக்குப் பொருத்திவிடலாம். இவர் பழக்கத்தால் எல்லாச் சக்கரங்களுக்கும் 100 பவுண்டு அடித்துவந்தார். டயர் நிறுவனத்தின் சுமை, காற்றழுத்த அட்டவணைப்படி முன்சக்கரங்களுக்கு அது மிகை. அட்டவணைக்குக் கீழே ஒரு பவுண்டும் இறங்கக் கூடாது. சித்திரை வெயிலில் காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பின்அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் வைத்திருந்ததும் தவறு. இரு அச்சுகளுக்கும் இடையே 3.3 மீட்டர் இருக்கும் வண்டியில், அங்கே வைத்த 200 லிட்டர் தண்ணீர் நெம்புகோல்போல் முன்அச்சிலிருந்து 90 கிலோவைத் தூக்கிவிட்டுப் பின்அச்சில் 290 கிலோவாக உட்காரும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கில் வரும் நடுக்கம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது டீசல் எஞ்சினுடையது, எஞ்சின் தாங்கும் ரப்பர் திண்டுகளை மாற்றினால் போகும்.

கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிறார்கள். இடையில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பொறியியல் கல்லூரிகள். இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் ஒரு பட்டறையில் மூன்று மாதம் உட்கார்ந்து, எந்தத் திண்டு, எந்த கிரீஸ், எத்தனை மாதத்தில் உராய்வு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தால் அதற்குச் செலவு சொற்பம். ஆராய்ச்சி நிதி என்றால் கோடிகளில்தான் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை.

பட்டறையிலிருந்து வண்டி வந்த பிறகு வாசகர் இரண்டாவது அட்டையை அனுப்பினார். அதே சாலை, அதே 45 கிலோமீட்டர். மிளகுப் புள்ளி இருந்த இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு அடர்த்தியான கிறுக்கல். டம்ளர்கள் அமைதியாகிவிட்டனவாம். ஆனால் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறியபோது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி முன்னைவிடச் சாய்ந்து சாய்ந்து எழுகிறது என்று புதிய குறை எழுதியிருக்கிறார். அதுவும் சரிதான்: இத்தனை நாள் அந்த ஆட்டத்தை முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டிருந்தது பட்டைகளின் உராய்வே. அது போய்விட்டதால் அந்த வேலை இப்போது ஷாக் அப்சார்பருக்கு வந்திருக்கிறது. முதல் முறை வாங்கிய மென்மையானவற்றைக் கழற்றிவிட்டு, இரண்டாவது முறை வாங்கி, உலுக்கல் தீரவில்லை என்று மூலையில் போட்டிருந்த விறைப்பானவற்றைத் திரும்பப் பொருத்தும்படி பதில் எழுதியிருக்கிறேன்.