ஸ்கர்ட்டிங் பலகைக்கு அடியில் தெரியும் கறுப்புக் கோடு

டைல்ஸ் தரை கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். எட்டடி மரப்பலகை ஒன்றை ஸ்கர்ட்டிங்குக்காக, அதாவது சுவரின் அடிப்பகுதியை மூடும் பட்டையாக, சுவரோரம் நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும். இரண்டு முனையும் தரையில் உட்கார்ந்திருக்க, நடுவில் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி நிற்கும். எதிர்ச் சுவரில் போய் வைத்தால் நடுப்பகுதி தட்டிக்கொண்டு பலகை இரண்டு பக்கமும் ஆடும்.

உடனே கொத்தனாரைத் திட்ட வேண்டாம். மாடி வீடுகளின் கான்கிரீட் தளம் சுமையைத் தாங்கியபடியே வருடக்கணக்கில் மிக மெதுவாகத் தொய்கிறது. ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதியே, தடுப்புச் சுவரும் தரை வேலையும் முடிந்த பிறகு வரும் தொய்வு தளத்தின் நீளத்தில் 350-ல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., இதில் எது குறைவோ அதற்குள் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. மூன்றரை மீட்டர் தளத்துக்குக் கணக்குப் போட்டால் 10 மி.மீ. வருகிறது! அப்புறம் பெரிய விட்ரிஃபைடு டைல்ஸ் சூளையில் வேகும்போதே லேசாக வளையக்கூடியவை; தண்ணீர் ஓடுவதற்காகப் பால்கனிப் பக்கம் வாட்டமும் கொடுத்திருப்பார்கள்.

சரி, கால் அங்குலம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது? அந்தச் சந்துக்குள் போகும் வெளிச்சம் உள்ளேயே மோதி மோதி அடங்கிவிடுகிறது, வெளியே மிகக் கொஞ்சமே வருகிறது, அதனால் பலகையும் டைல்ஸும் எந்த நிறமாக இருந்தாலும் நடுவில் ஒரு கறுப்புக் கோடுதான் தெரியும். நல்ல பார்வையுள்ள கண் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து சுமார் 0.6 மி.மீ. அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்கும். வெளிர்ப் பின்னணியில் ஒற்றைக் கறுப்புக் கோடு என்றால் அதைவிட மெல்லியதும் தப்பாது. ஆனால் இதே கண், மூன்று மீட்டர் நீளத்தில் பலகையின் உயரம் 5 மி.மீ. குறைந்துகொண்டே போவதைக் கவனிப்பதே இல்லை. அதனால் தரையை நேராக்கப் போராட வேண்டாம். பலகையின் அடியைத் தரை மாதிரியே வெட்டிவிட்டால் போதும்.

அதற்குப் பள்ளிக்கூடக் கவராயம் போதும். பலகையைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, ஆடாமல் முட்டுக் கொடுத்து, இருப்பதிலேயே பெரிய இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 6 மி.மீ. என்றால் கவராயத்தை அந்த அளவுக்குத் திறந்து, முள் தரையிலும் பென்சில் பலகையிலும் இருக்க ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுங்கள். தரையின் மேடுபள்ளம் அப்படியே 6 மி.மீ. மேலே ஏறிக் கோடாக விழும். பலகை தரையைத் தொட்ட இடத்தில் 6 மி.மீ. வெட்டுப்படும், 2 மி.மீ. இடைவெளி இருந்த இடத்தில் 4, பெரிய இடைவெளி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெட்டியதும் பலகை முழுவதும் 6 மி.மீ. கீழே இறங்கி உட்காரும்.

இழுக்கும்போது முள்ளும் பென்சிலும் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இருக்க வேண்டும், கை சாய்ந்தால் அளவே மாறிப்போகும். கவராயத்துக்குப் பதில் வட்டமான வாஷரின் ஓட்டையில் பென்சிலைச் செருகித் தரையோடு உருட்டுகிறவர்கள் உண்டு. மெல்ல ஏறி இறங்கும் தரைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பக்கத்து டைல் 2 மி.மீ. தூக்கிக்கொண்டிருக்கும் இடத்தில், 12 மி.மீ. ஆரமுள்ள வாஷர் கிட்டத்தட்ட 7 மி.மீ. முன்னாலேயே விளிம்பில் முட்டி ஏற ஆரம்பித்துவிடும், அதனால் படி வடிவம் மழுங்கிய வளைவாக விழும். அந்த மாதிரி இடத்தில் கூர்முள்தான் சரி.

நிறையப் பேர் சறுக்குவது மூலையில். ஒவ்வொரு சுவருக்கும் அதனதன் இடைவெளியை மட்டும் பார்த்து வெட்டினால், இரண்டு பலகை சந்திக்கும் இடத்தில் மேல்விளிம்புகள் ஏறி இறங்கி நிற்கும், அது அடியில் இருந்த கறுப்புக் கோட்டைவிட மோசமாகத் தெரியும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலாலோ லேசராலோ அறையின் தாழ்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பலகையின் உயரத்துக்குச் சுவர் நெடுகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பலகையை அந்தக் கோட்டுக்கு இணையாக முட்டுக் கொடுத்து நிறுத்தும்போது மேல்விளிம்பு கோட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறதோ, அதுதான் கவராயத்தின் திறப்பு. அறையே ஒரு பக்கமாக 15, 20 மி.மீ. வாட்டமாக இருந்தால் மட்டும் மட்டத்தை விட்டுவிடுவேன், வாட்டத்தோடு சேர்ந்து போகும் கோடுதான் கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

வெட்டும்போது பின்பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போகும்படி ஜிக்சா என்ற மின் ரம்பத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். முன்விளிம்பு மட்டும் தரையைத் தொட்டால் போதும், அந்த மெல்லிய விளிம்பை இழைப்புளியாலோ உப்புத்தாளாலோ தேய்த்துச் சரிசெய்வதும் சுலபம்.

இவ்வளவு வேலைக்கு நேரமில்லை என்றால் கால்வட்டப் பீடிங் இருக்கிறது, பலகையின் அடியில் சந்தை மறைக்க அடிக்கும் மெல்லிய பட்டை. பலகை வளைய மறுத்த அதே தரைக்கு அது எப்படி வளைகிறது? விறைப்பு உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடுகிறது, அதாவது உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. தடிமன் ஒன்றுதான் என்றாலும் 100 மி.மீ. உயரப் பலகை, 15 மி.மீ. உயரப் பட்டையைப் போல ஏறக்குறைய 300 மடங்கு விறைப்பு. அதனால் பீடிங்கைத் தரையோடு அழுத்திப் பிடித்துப் பலகையில் ஆணி அடித்தாலே மேடுபள்ளத்தோடு ஒட்டிப் போகும்.

மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால் வெட்டிய அடிப்பக்கத்துக்கு இரண்டு கோட் பெயிண்ட் அடித்த பிறகே பொருத்துங்கள். தினமும் ஈர மாப் படும் இடம் அது, தண்ணீர் குடித்து ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது.