சம்பளத்துக்கு முந்திய வாரம் தவறும் மாத்திரைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து எச்.ஐ.வி. மருந்து வாங்க வருபவர்களிடம் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பது என் வேலை. மீந்திருந்தால் மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் மறதி காரணமில்லை.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவரிடம், மாத்திரை போடாத நாட்களைக் காலண்டரில் காட்டச் சொன்னேன். எல்லாம் ஏழாம் தேதிச் சம்பளத்துக்கு முந்திய நாட்கள். "பழைய பாக்கியைக் கட்டுனாத்தான் கடையில சாமான் தருவாங்க, மிஸ்ஸி. இருக்குற சோத்தைப் பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு, நான் பாலில்லாத கோப்பி ஓ குடிச்சிட்டுப் படுத்துருவேன். வெறும் வயித்துல எப்படி மாத்திரை போடுறது?"

அவர் எடுப்பது டொலுட்டெகிராவிர் சேர்ந்த மருந்து. அதைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். "அண்ணே, சோறு இல்லாட்டியும் இதை விடாதீங்க" என்றேன். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையும் எடுப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: வெறும் வயிற்றில் அவற்றோடு சேர்த்துப் போட்டால் இந்த மருந்து சரியாக உடம்பில் சேராது. டொலுட்டெகிராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ போட வேண்டும்.

எஃபாவிரென்ஸ் என்ற வேறொரு எச்.ஐ.வி. மருந்தானால் படுக்கும்முன் வெறும் வயிற்றில் போடுவதே நல்லது. எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால் தலைசுற்றல் கூடும். ரில்பிவிரின் என்ற மருந்து நேர்மாறு. அதற்கு வயிறார ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும். கோப்பியும் பிஸ்கட்டும் போதாது. உங்கள் டப்பாவில் இருப்பது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி மறுபடி பெருகத் தொடங்கிவிடும். எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கூட்டு மருந்தில் மற்றவை ரத்தத்திலிருந்து சீக்கிரம் போய்விடும், அது மட்டும் பல நாள் தங்கும். ஒற்றை மருந்தைச் சமாளிக்கக் கிருமி பழகிக்கொண்டால் பிறகு அந்த மருந்தே பலிக்காது. விடாமல் எடுத்து, பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. மனைவிக்கும் கணவனுக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

உடம்பு தேறும்போது பசியும் திரும்பும். நல்ல அறிகுறிதான். ஆனால் அரிசி டின் காலியாக இருக்கும் வீட்டில் அந்தப் பசியே பயமாகிறது; அதற்காக மருந்தை விட்டவர்களும் உண்டு. கஞ்சியோடு ஒரு முட்டை, கொஞ்சம் நெத்திலி, வேலியோரக் கீரை கிடைத்தாலும் உடம்புக்குத் தெம்புதான். மைகார்ட் அடையாள அட்டையில் வரும் அரசின் சாரா உதவித் தொகையில், பதிவு பெற்ற கடைகளில் அரிசி, முட்டை வாங்கலாம். அதற்கு யாரும் உங்கள் நோயைக் கேட்பதில்லை.

அரசு கிளினிக்கில் மருந்து இலவசம். வந்து போகும் நாளின் கூலியை யார் தருவார்? மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு பல அரசு மருந்தகங்களில் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

திட்டுவார்கள் என்று பயந்து, மீந்த மாத்திரைகளைக் கால்வாயில் கொட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படியே கொண்டு வாருங்கள். வீட்டில் என்றைக்குச் சோறு இல்லை என்பதையும் சொல்லுங்கள். அது தெரிந்தால், உங்கள் நிலைமைக்கு ஒத்துவரும் மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் பேசலாம்.