அரை டன் நீரைக் கொட்டுவதற்கு ஏன் குண்டு வைத்தார்கள்?

1943 பிப்ரவரி 28. நள்ளிரவு தாண்டிய நேரம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த நார்வேயின் ரியூக்கான் ஊருக்கு அருகே, ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது வேமார்க் தொழிற்சாலை. அதன் அடித்தளத்தில் சிலர் வரிசையாக நின்ற எஃகுக் கலங்களின் அடிப்பாகத்தில் வெடிமருந்தைச் சுற்றிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 18 கலங்கள். உள்ளே இருந்தது பார்வைக்கு வெறும் தண்ணீர். தொட்டால் சுடாது, தீப்பிடிக்காது, கதிர்வீச்சும் கிடையாது. அதை வடிகாலில் கொட்டுவதற்காகத்தான் 9 பேர் உயிரைப் பணயம் வைத்து அங்கே வந்திருந்தார்கள்.

நாசவேலை என்றதும் பெரிய தீ, பெரிய இடிபாடு என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். வேமார்க்கில் நடந்தது அப்படி இல்லை. ஓர் இயந்திரத்தில் எந்த இடத்தைத் தொட்டால் மிக அதிகமான காலம் வீணாகும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தை மட்டும் தொட்டார்கள். அந்தக் கணக்கு புரிய வேண்டுமென்றால் முதலில் அந்த நீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டுமே இருக்கும். கூடவே ஒரு நியூட்ரானும் இருந்தால் அது டியூட்டீரியம். 1931-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்டு யூரே இதைக் கண்டுபிடித்தார், 1934-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆக்சிஜனோடு டியூட்டீரியம் சேர்ந்தால் கிடைப்பதுதான் கனநீர். சாதாரண நீரைவிடச் சுமார் 11 சதவீதம் அடர்த்தி அதிகம். 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். குழாய்த் தண்ணீரிலும் கடல் நீரிலும் டியூட்டீரியம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஒரு டன் தண்ணீரில் உள்ள டியூட்டீரியத்தை ஒன்றுவிடாமல் பிரித்தெடுத்தாலும் 170 கிராம் கனநீர்தான் தேறும்.

இதை வைத்துக்கொண்டு ஜெர்மனி என்ன செய்ய நினைத்தது? ஓர் அணு உலையை இயக்க. இயற்கை யுரேனியத்தில் எளிதாகப் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். ஓர் அணுக்கரு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான்கள் அசுர வேகத்தில் பறக்கும். அந்த வேகத்தில் போனால் அடுத்த யுரேனியம்-235 கருவைப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வேகத்தைத் தணித்தால்தான் ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினை தொடரும். அதற்கு ஒரு தணிப்பான் வேண்டும்.

கேரம் போர்டில் ஒரு காய் இன்னொரு காய்மேல் நேராக மோதினால் மோதிய காய் அப்படியே நின்றுவிடும், நின்ற காய் ஓடும். சம எடையுள்ளவை மோதினால்தான் இப்படி வேகம் முழுக்கக் கைமாறும். நியூட்ரானுக்கு ஏறத்தாழச் சம எடை கொண்டது புரோட்டான். ஆகவே சாதாரண நீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானைச் சுமார் 18 மோதல்களில் தணித்துவிடும். ஆனால் அதில் ஒரு சிக்கல். தணிக்கும்போதே அது கணிசமான நியூட்ரான்களை விழுங்கியும் விடுகிறது. இயற்கை யுரேனியத்தில் கணக்கு ஏற்கெனவே இழுபறி, அந்த இழப்பைத் தாங்காது. டியூட்டீரியம் 25 மோதல்கள் எடுத்துக்கொள்ளும், ஆனால் விழுங்குவது பல நூறு மடங்கு குறைவு. இதே காரணத்துக்காகத்தான் கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையம் இன்றும் இயற்கை யுரேனியத்தோடு கனநீரைப் பயன்படுத்துகிறது. தூத்துக்குடியில் கனநீர் ஆலை அமைத்ததும் இதற்காகவே.

கனநீருக்கு மாற்று உண்டு: மிகத் தூய கிராஃபைட். அமெரிக்கர்கள் 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் கிராஃபைட்டை அடுக்கித்தான் உலகின் முதல் செயற்கைத் தொடர்வினையை நடத்திக் காட்டினார்கள். ஜெர்மனியில் இயற்பியலாளர் வால்டர் போத்தே 1941-இல் கிராஃபைட்டைச் சோதித்தபோது அது நியூட்ரான்களை அதிகம் விழுங்குவதாக அளவீடு காட்டியது. குற்றம் கிராஃபைட்டில் இல்லை, அதில் கலந்திருந்த மாசுகளில் இருந்தது. போரான் கொஞ்சம் இருந்தாலே போதும், கணக்கு மாறிவிடும். ஆனால் ஜெர்மானியத் திட்டம் கனநீரையே நம்பி நின்றது. அன்றைய ஐரோப்பாவில் கனநீர் பெரிய அளவில் கிடைத்தது ஒரே இடத்தில்தான், அது வேமார்க்.

வேமார்க்கில் கனநீர் ஆலை வந்ததற்குக் காரணம் உரம். 1911-இல் அங்கே தொடங்கிய நீர்மின் நிலையம் அப்போது உலகிலேயே பெரியது. அந்த மலிவான மின்சாரத்தை வைத்து நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்து, அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை எடுத்தது. மின்சாரம் பாய்ச்சும்போது லேசான ஹைட்ரஜன்தான் முந்திக்கொண்டு வாயுவாகப் போகும். டியூட்டீரியம் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் பின்தங்கும். ஆகவே கலத்தில் மிஞ்சும் நீரில் அதன் பங்கு சிறிது சிறிதாக ஏறும். அந்த மிச்சத்தை அடுத்த வரிசைக் கலங்களுக்கு அனுப்பி மறுபடி பகுத்தால் இன்னும் ஏறும். இதைக் கவனித்து, 1934-இல் கனநீர் உற்பத்திக்கு வழிசெய்தவர்கள் வேதியியல் பேராசிரியர் லைஃப் டிரான்ஸ்டாடும் ஆலைப் பொறியாளர் யோமார் புரூனும்.

இந்த அமைப்பின் வடிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஏராளமான கலங்கள், ஏராளமான நீர். படிக்குப் படி நீர் குறையும், செறிவு கூடும். கடைசிப் படிகள் ஓர் அடித்தள அறைக்குள் அடங்கிவிடும். அந்த அறையில்தான் 18 கலங்கள் இருந்தன. மின்நிலையத்தைத் தகர்த்தால் ஊரே இருளில் மூழ்கும், உரம் நின்று போகும், சொந்த மக்கள் பட்டினி கிடப்பார்கள். முன்னாலுள்ள கலங்களை உடைத்தால் மாற்றுக் கலம் வைத்துத் தொடரலாம். கடைசி அறையைத் தொட்டால் மட்டும்தான் பல மாத உழைப்பின் சாறு ஒரே அடியில் போகும். புதிய கலங்களைக் கொண்டுவந்து வைத்தாலும் அவற்றில் ஊற்றச் செறிவூட்டிய நீர் இருக்காது. அடியிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்றியாக வேண்டும்.

இதைச் சுட்டிக்காட்டியவர்கள் அந்த ஆலையை வடிவமைத்த அதே இருவர். ஜெர்மானியர்கள் 1940 ஏப்ரலில் நார்வேயைப் பிடித்த பிறகு டிரான்ஸ்டாட் பிரிட்டனுக்குத் தப்பினார். புரூன் உள்ளேயே இருந்து, கலங்களில் ரகசியமாக விளக்கெண்ணெய் ஊற்றினார். நீர் நுரைத்துக்கொண்டு வரும், உற்பத்தி தடைபடும். வெடிச்சத்தமே இல்லாத நாசவேலை! 1942-இன் கடைசியில் அவரும் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார். இவர்கள் தந்த விவரங்களை வைத்து, இங்கிலாந்தில் அந்தக் கலங்களுக்கு மாதிரி செய்து, கண்ணை மூடிக்கொண்டும் வெடிமருந்தைப் பொருத்தும் அளவுக்குப் பயிற்சி நடந்தது.

முதல் முயற்சி கொடுமையாக முடிந்தது. 1942 நவம்பரில் கிளைடர்களில் அனுப்பிய பிரிட்டிஷ் வீரர்கள் விபத்தில் சிக்கினார்கள், பிழைத்தவர்களை ஜெர்மானியர்கள் கொன்றார்கள். அதன் பிறகு வந்தவர்கள் நார்வேஜியர்கள், பனியில் வளர்ந்தவர்கள். தலைவர் யோஆகிம் ரொன்னபெர்க்குக்கு அப்போது வயது 23. ஆலைக்குப் போகும் தொங்குபாலத்தில் காவல் இருந்தது. ஆகவே பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஏறினார்கள். அங்கே யாரும் ஏற முடியாது என்று ஜெர்மானியர்கள் நம்பியிருந்தார்கள். செங்குத்துச் சரிவிலும் மரங்கள் முளைத்திருந்ததைக் கவனித்து, மரம் நிற்கும் இடத்தில் மனிதனும் ஏறலாம் என்று முடிவெடுத்தார்கள்.

ஒரு பிரிவு காவலர் குடிலைக் குறிவைத்து வெளியே நின்றது. ரொன்னபெர்க்கும் இன்னொருவரும் கேபிள் செல்லும் குறுகிய சுரங்கத்துக்குள் தவழ்ந்து உள்ளே போனார்கள். இரண்டு நிமிடம் எரிய வேண்டிய திரியை 30 விநாடிக்கு வெட்டிக் குறைத்தார் ரொன்னபெர்க். யாரும் வந்து அணைத்துவிடக் கூடாது, வேலை முடிந்ததைக் காதால் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த நேரத்தில் நார்வேஜிய இரவுக் காவலாளி தன் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்று கேட்க, அவர்கள் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் திரி பற்றவைக்கப்பட்டது. போரின் நடுவே புதுக் கண்ணாடி வாங்குவது பெரும்பாடு. வெடித்த சத்தம் பெரிதாக இல்லை. ஒரு காவலர் விளக்கோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போனார். சுமார் 500 கிலோ கனநீர் வடிகாலில் ஓடியது. அவ்வளவு டியூட்டீரியம் சேர, இழப்பே இல்லாமல் பிரித்தாலும் கிட்டத்தட்ட 3,000 டன் தண்ணீர் வேண்டும். ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லை, ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. உள்ளூர்க்காரர்கள்மேல் பழி விழக்கூடாது என்று பிரிட்டிஷ் படையின் வேலை என்று காட்டும் ஒரு துப்பாக்கியை வேண்டுமென்றே அங்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

சில மாதங்களில் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் 700-க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. பொதுமக்கள் இறந்தார்கள். அடித்தளத்துக் கலங்களோ தப்பின. சில கிலோ வெடிமருந்து சாதித்ததை அத்தனை குண்டுகளும் சாதிக்கவில்லை. ஆனாலும் ஜெர்மானியர்கள் அங்கே உற்பத்தியைக் கைவிட்டு, இருக்கும் கனநீரை ஜெர்மனிக்கு எடுத்துச் செல்ல முடிவெடுத்தார்கள்.

1944 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. பீப்பாய்களை ஏற்றிய ரயில் பெட்டிகளோடு புறப்பட்ட ‘ஹைட்ரோ’ படகு, டின் ஏரியின் ஆழமான பகுதியில் மூழ்கியது. வெடிமருந்தை வைத்தவர் க்னூட் ஹவ்கெலித், நேரம் குறித்தது அலாரம் கடிகாரங்கள். பயணிகள் குறைவாக இருப்பார்கள் என்றுதான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். இருந்தும் 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் நார்வேஜியர்கள். வேமார்க் இரவைப் பற்றிப் பேசும் பலர் இந்தப் படகைக் கடந்து போய்விடுகிறார்கள். அது நியாயமில்லை. ஒரே கூட்டத்தினர் ஒரே நோக்கத்தோடு செய்த வேலைதான் இதுவும், இதன் விலையைக் கொடுத்தவர்கள் யாரென்றே தெரியாத பயணிகள்.

பாதி நிரம்பிய சில பீப்பாய்கள் மிதந்து ஜெர்மானியர் கைக்குப் போயின. மற்றவை அடியில் கிடந்தன. அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு பீப்பாயை மேலே எடுத்துச் சோதித்தபோது உள்ளே கனநீர் இருந்தது உறுதியானது.

இவ்வளவும் ஹிட்லரின் அணுகுண்டைத் தடுத்ததா? அப்படிச் சொன்னால் மிகை. 1942-இலேயே ஜெர்மானியத் தலைமை குண்டுத் திட்டத்தைப் பெரிய அளவில் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. நாசவேலைக்குப் போனவர்களுக்கு அது தெரியாது, தெரிய வழியும் இல்லை. அந்த நீர் எதற்கு என்பதே ஹிரோஷிமாவுக்குப் பிறகுதான் தனக்குப் புரிந்தது என்று ரொன்னபெர்க் பிற்காலத்தில் சொன்னார்.

ஆனால் ஜெர்மானிய அணு உலையின் கதியில் இவர்கள் கை இருக்கிறது. 1945 தொடக்கத்தில் ஹைகர்லோக் ஊரின் குகையொன்றில் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் குழுவினர் 664 யுரேனியக் கட்டிகளைத் தொங்கவிட்டு, கையிருந்த சுமார் ஒன்றரை டன் கனநீரை ஊற்றினார்கள். நியூட்ரான் எண்ணிக்கை ஏறியது, ஆனால் தொடர்வினை தானாக ஓடவில்லை. அந்த அமைப்பு ஓடுவதற்கு யுரேனியமும் கனநீரும் இன்னும் பாதி அளவு கூடுதலாக வேண்டியிருந்தன.