லைக்குக்கும் கைமாற்றுக்கும் உள்ள தூரம்

“அவசரமாக நூறு டாலர் கடன் வேண்டுமென்றால், கேட்பதற்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஆள் இருக்கிறது.” அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 286 மாணவர்கள் நிரப்பிய வினாத்தாளில் இப்படி ஒரு வரி. எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும். ஃபேஸ்புக் பற்றி நிக்கோல் எலிசனும் அவரது சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. சமூக மூலதனம் என்றால் என்ன என்று விளக்க இந்த ஒரு வரியே போதும்: பழக்கத்தின் பேரில் நமக்குக் கிடைக்கக்கூடிய பணம், தகவல், ஆறுதல்.

இது இரண்டு வகை. கேட்டவுடன் கைமாற்று தரும் நாலைந்து பேரின் நெருக்கம் ஒன்று. மற்றது, வேறு ஊர், வேறு தொழில், வேறு வட்டத்து ஆட்களோடு இருக்கும் பாலம். அவர்கள் கடன் தரமாட்டார்கள். ஆனால் நம் வீட்டுக் கூடத்துக்கு வராத செய்தி அவர்களிடம் இருக்கும். ஃபேஸ்புக்கில் அதிகம் புழங்கிய மாணவர்களுக்கு இரண்டுமே கூடுதலாக இருந்தன, பாலம் இன்னும் தெளிவாக.

ஆனால் புழங்குவது என்றால் என்ன? ஆய்வாளர் மொய்ரா பர்க்கின் குழு 2010, 2011 ஆண்டுகளில் இதைப் பிரித்துப் பார்த்தது. பயனர்களின் பதில்களை, அவர்கள் தளத்தில் உண்மையில் செய்ததன் பதிவுகளோடு சேர்த்து வைத்தது. ஒருவர் இன்னொருவருக்கென்று அனுப்பும் செய்தி, கருத்து ஆகியவற்றோடு நெருக்கம் கூடியிருந்தது. வெறுமனே மேய்ந்துகொண்டிருந்தவர்களிடம் தனிமை உணர்வு அதிகம். இதில் ஒரு விலக்கு உண்டு: நேரில் பேசிப் பழகக் கூச்சப்படுபவர்களுக்கு, மற்றவர்கள் போடுவதைப் படிப்பதுகூடப் பயன்பட்டது. ‘சும்மா பார்ப்பது கெடுதல்’ என்று ஒரே போடாகப் போடுவது அதனால் சரியில்லை.

ஒருவருக்கென்றே எழுதுவதோடு நெருக்கம் கூடுவதற்குக் காரணம் அதற்கான உழைப்பில் இருக்கிறது. பிறந்தநாளன்று குடும்ப குரூப்பைத் திறந்து பாருங்கள். முதல் ஆள் கேக் படம் போடுவார். அடுத்த இருபது பேர் அதையே நகலெடுத்து ஒட்டுவார்கள். இருபத்தொன்றாவதாக ஒருவர், “முழங்கால் வலி எப்படி இருக்கிறது அத்தை? போன வாரம் எக்ஸ்ரே எடுத்தீர்களே” என்று தனியாக எழுதுகிறார். அத்தை பதில் எழுதுவது அவருக்குத்தான். அவரை நினைத்து, அவருக்காகவே செலவழித்த அரை நிமிடம் அந்த வரியில் தெரிகிறது. ஃபேஸ்புக் 2009இல் கொண்டுவந்த லைக் பொத்தான் அந்த அரை நிமிடத்தை அரை நொடியாக்கியது. அதை வாங்குபவருக்கும் அரை நொடி மதிப்புதான்.

குரூப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது 1,024 பேர் வரை சேரலாம். மாமியார், மேலாளர், பள்ளித் தோழன் எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் யாரிடமும் மனம்விட்டுப் பேச முடியாது. கடைசியில் யாருக்கும் பொருந்தும் காலை வணக்கப் படம்தான் மிஞ்சும்.

பாலத்தின் கதை வேறு. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல், தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரைப் பற்றி எழுதினார். தகவல் சொன்னவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6, மிக அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் அல்லவா?

ஆனால் கலகலப்பான ஆளுக்குத் தொடர்புகளும் அதிகம், வேலையும் எளிது என்றிருந்தால்? எது எதற்குக் காரணம் என்று இந்தக் கணக்கு சொல்லாது. அதற்குச் சோதனை வேண்டும். தொழில்முறைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளம் ‘உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்’ என்று பரிந்துரைக்கும் நிரலை ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பேரிடம் குலுக்கல் முறையில் மாற்றிப் பார்த்தது. சிலருக்கு நெருங்கிய வட்டத்து ஆட்களையும், சிலருக்குத் தூரத்து ஆட்களையும் அதிகம் காட்டியது. (தாங்கள் சோதனையில் இருப்பது பயனர்களுக்குத் தெரியாது. அது தனியாகச் சண்டை போட வேண்டிய விஷயம்.)

2022இல் வெளிவந்த முடிவு கிரானவெட்டரை ஆதரித்தது, ஒரு திருத்தத்தோடு. வேலைக்கு அதிகம் உதவியவர்கள் முழு அந்நியரும் அல்ல, நெருங்கிய நண்பரும் அல்ல. பொதுவான தொடர்புகள் பத்து பேர் அளவில் இருக்கும் நடுத்தரப் பழக்கத்தினர். அதுவும் கணினியை நம்பியிருக்கும் தொழில்களில்தான் இப்படி. அந்த அளவுக்கு டிஜிட்டல் ஆகாத தொழில்களில் வேலை வாங்கித் தந்தது நெருங்கிய பழக்கமே.