ஆர்க்கிடெக்ட்: சொல்லுக்குள் இருக்கும் தச்சன்

காரைக்குடியில் வீடு கட்டுகிறவர் "ஆர்க்கிடெக்ட் பார்த்திருக்கிறோம்" என்று சொன்னால், யாரைச் சொல்கிறார் என்று இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டு கட்டடக்கலை படித்துப் பதிவு பெற்றவராக அவர் இருக்கலாம். அனுமதிக்குப் பிளான் போட்டு, எஸ்டிமேட் எழுதித் தரும் கட்டுமானப் பொறியாளராக இருக்கலாம். பழைய வீட்டை விடுதியாக மாற்றும்போது சுவருக்கு நிறமும் முற்றத்துக்கு விளக்கும் தேர்ந்து கொடுக்கும் உள்ளலங்காரக்காரராகவும் இருக்கலாம். மூவரின் வேலையும் தேவையான வேலைதான். ஆனால் சட்டம் அந்தப் பெயரை முதலாமவருக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது.

அந்தச் சட்டம் 1972-இல் வந்தது. கட்டடக்கலைக் கல்வியின் தரத்தைப் பார்த்துக்கொள்ளவும், தகுதி பெற்றவர்களைப் பதிவேட்டில் சேர்க்கவும் அது ஒரு தேசிய மன்றத்தை அமைத்தது. பதிவேட்டில் இல்லாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அதன் 37-ஆம் பிரிவு. நிலத்தோற்றம் அமைப்பவருக்கும் கப்பல் வடிவமைப்பவருக்கும் விலக்கு உண்டு. இந்தப் பிரிவு எதைக் காக்கிறது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2020-இல் தீர்ப்பு தெளிவாக வந்தது: காக்கப்படுவது பெயர், கட்டடத்தை வடிவமைக்கும் வேலையைப் பதிவில்லாதவர் செய்வதற்கு இந்தப் பிரிவு தடை போடவில்லை.

தொழில் நடத்துபவர்கள் பலருக்கு இது வருத்தம். பெயரை மட்டும் காத்து என்ன பயன் என்கிறார்கள். அந்த வருத்தத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பிரிட்டனிலும் சட்டம் பெயரை மட்டுமே காக்கிறது. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் லண்டன் அலுவலகங்கள் உலகமெங்கும் கட்டடங்களை வடிவமைத்துக் கொடுக்கின்றன. அங்கே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறவர் தவறு நேர்ந்தால் ஈடுகட்டும் அளவுக்குத் தொழில்காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று பதிவு வாரியத்தின் நடத்தை விதி கேட்கிறது. பெயருக்குப் பின்னால் பொறுப்பு நிற்கிறது. வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அந்தப் பொறுப்புக்கும் சேர்த்துத்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியும். கிரேக்கத்தில் 'அர்க்கி' என்றால் தலைமை. 'தெக்தோன்' என்றால் மரவேலை செய்பவன், கட்டுபவன். இரண்டும் சேர்ந்து 'அர்க்கிதெக்தோன்'. அது லத்தீனில் 'ஆர்க்கிதெக்துஸ்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. கிரேக்கத் தெக்தோனையும் வடமொழித் தக்ஷனையும் மொழியியலார் ஒரே வேரில் வைக்கிறார்கள். நம் தச்சன் அந்தத் தக்ஷனிலிருந்து பிராகிருத வழியாக வந்தது என்பது பரவலான கருத்து. தமிழிலேயே வேர் காட்டுவோரும் இருக்கிறார்கள். எப்படியானாலும் பொருளில் ஐயமில்லை. அர்க்கிதெக்தோனை உறுப்பு உறுப்பாகத் தமிழில் வைத்தால் கிடைப்பது 'பெருந்தச்சன்'.

இது அகராதிக்காக இன்று புனைந்த சொல்லும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயில் 1010-இல் நிறைவெய்தியது. கட்டியவனுக்கு அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்து, அதைக் கல்லிலும் வெட்ட வைத்திருக்கிறான். கட்டடத்துக்கு விடைசொல்ல வேண்டியவன் இன்னான் என்று ஆயிரம் ஆண்டு கழித்தும் நம்மால் சுட்ட முடிகிறது.

அதற்கும் முன்னே சங்க இலக்கியத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியைச் சொல்கிறார். இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில், 'நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு' திசை பார்த்து மனை வகுக்கிறார்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்பே அளந்து, வகுத்து, எங்கே எது வரும் என்று முடிவு செய்பவர்கள் அவர்கள். நூலும் அறிந்தவர், கயிறும் பிடித்தவர். வடமொழிச் சிற்ப நூல்கள் இதே வேலையை நான்காகப் பிரிக்கின்றன: தலைமை ஏற்கும் ஸ்தபதி, அளவுக்கயிறு பிடிக்கும் சூத்திரகிராகி, சேர்த்துக் கட்டும் வர்த்தகி, வெட்டிச் செதுக்கும் தட்சகன். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தப் பிரிவின் அடிப்படை.

செட்டிநாட்டில் நாம் இன்று பார்க்கும் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரையிலான காலத்தில் எழுந்தவை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் ஈட்டிய பணம் இங்கே வந்தது. பர்மாத் தேக்கு வந்தது. இத்தாலியப் பளிங்கு வந்தது. பெல்ஜியம் கண்ணாடியும் ஜப்பான் பூக்கற்களும் இங்கிலாந்து இரும்பும் வந்தன. இத்தனை வந்தும் வீட்டின் இலக்கணம் இங்கேயே இருந்தது. முகப்பு, பட்டாலை, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரே அச்சில், முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற வரிசை அது. முன்வாசலில் நின்று பார்த்தால் கடைசி வாசல் வரை கண்ணுக்குப் படும். மழைநீர் ஓட்டுச் சரிவில் இறங்கி முற்றத்தில் விழுந்து, அண்டாவில் சேரும். மிஞ்சியது வாய்க்கால் வழி ஊருணிக்குப் போகும். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஓர் அறை. மகன்கள் பிரிந்து உலை வைத்தாலும் கூரை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற குடும்ப ஏற்பாடு சுவர்களாக நின்றது.

இதை வகுத்தவர்கள் ஆசாரிகளும் கொத்தனார்களும், மனையடி சாத்திரம் தெரிந்தவர்களும். அவர்களோடு பேசிப் பேசி முடிவெடுத்த வீட்டுக்காரர்களையும், ஆச்சிமார்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாமான் அறை எங்கே, ஊறுகாய்ச் சாடி எங்கே என்பது அவர்கள் கணக்கு. சுண்ணாம்பை அரைத்துக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து, மேல் பூச்சில் முட்டை வெண்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றிய சுவர்கள் நூறாண்டு கடந்தும் குளிர்ச்சியாக இருக்கின்றன. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, நிறக்கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த கலவையும் சிமெண்டுச் சாந்தும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியைத் தொட்ட முகமே தரைக்கு மேல்முகம். கால் படப்பட மெருகேறும். யுனெஸ்கோவின் உலக மரபுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் இடம்பெற்றன. சுவரையும் தரையையும் செய்தவர்களின் பெயர்கள் மட்டும் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

அன்று பொருள் வெளியிலிருந்து வந்தது. வடிவம் இங்கே பிறந்தது. இன்றைய ஏற்றுமதியைப் பாருங்கள். நம் நாட்டில் எத்தனையோ அலுவலகங்கள் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வளைகுடாவுக்கும் வரைபடம் தயாரித்துக் கொடுக்கின்றன. கணினியில் கட்டடத்தின் முழுத் தகவல் மாதிரியையும் இரவோடு இரவாக முடித்து அனுப்புகிறார்கள். உழைப்பு நம்முடையது. வரைபடத்தில் கையெழுத்திடுபவர் வேறு நாட்டில் இருக்கிறார். வடிவமைப்புக் கட்டணத்தின் பெரும் பங்கும் அங்கேதான். மணிக்கணக்கில் விற்கப்படும் வரைபட வேலைக்கு விலை குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் இன்னும் மலிவாகச் செய்ய இன்னொரு நாடு வரும். இதைப் 'போட்டித்திறன்' என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. கட்டடக்கலையில் ஒரு நாட்டின் போட்டித்திறன் என்பது, அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் வேற்று நாட்டில் தம் பெயரில் கையெழுத்திட்டு, தம் வடிவத்துக்கு விடைசொல்ல முடிகிற நிலை.

அதற்கு முதல் தடை தகுதியை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளாதது. யுனெஸ்கோவும் உலகக் கட்டடக் கலைஞர் சங்கமும் 1996-இல் கட்டடக்கலைக் கல்விக்கான பட்டயத்தை வெளியிட்டன. ஐந்தாண்டு முழுநேரக் கல்வி என்ற எதிர்பார்ப்பு அதன் பின் வலுப்பெற்றது. தென்கொரியா அதற்கேற்ப நான்காண்டுப் படிப்பை ஐந்தாண்டாக மாற்றியது. 2008-இல் கான்பெராவில் ஆஸ்திரேலியா, கனடா, சீனா, கொரியா, மெக்சிகோ, அமெரிக்கா ஆகியவற்றின் தரமதிப்பீட்டு அமைப்புகளும் காமன்வெல்த் கட்டடக் கலைஞர் சங்கமும் கல்வித் தர ஏற்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பிரிட்டனும் அமெரிக்காவும் 2023-இல் ஒருவர் பதிவை மற்றவர் ஏற்கும் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டன.

இங்கே ஐந்தாண்டுப் படிப்பு வெகுகாலமாக இருக்கிறது. கதவுதான் திறக்கவில்லை. 2005-இல் கையெழுத்தான இந்திய–சிங்கப்பூர் பொருளாதார ஒப்பந்தத்தில், தகுதி ஏற்புக்குப் பேச வேண்டிய தொழில்களில் கட்டடக்கலையும் சேர்க்கப்பட்டது. 2018-இல் முதலில் கைகூடியது செவிலியர்களுக்கான ஏற்பு. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்னும் தொழிற்கூடம் வைத்து வட்டித்தொழில் நடத்திய ஊர்க்காரர்களுக்கு அந்த நாடு தூரமில்லை. அவர்கள் பேரன் பேத்திகள் கட்டடக்கலை படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகிறார்கள். இங்கே பெற்ற பதிவை வைத்துக்கொண்டு அங்கே தம் பெயரில் கையெழுத்திட முடிவதில்லை.

இரண்டாவது தடையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சொல்லில் 'அர்க்கி'யை வைத்துக்கொண்டு 'தெக்தோனை' வெளியே அனுப்பிவிட்டோம். சுண்ணாம்புப் பூச்சின் கலவை விகிதம் கொத்தனாரின் கையில் இருக்கிறது. கட்டடக் கலைஞரின் விவரக்குறிப்பில் இல்லை. எத்தனை நாள் புளிக்க வைக்க வேண்டும், எந்த மணல், எந்தப் பருவத்தில் பூசக் கூடாது என்பதெல்லாம் எழுதப்பட்டு, சோதனைக்கூடத்தில் அளக்கப்பட்டு, ஒப்பந்தத்தில் சேர்க்கும் வடிவத்துக்கு வந்தால்தான் அது சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு பொறியாளர் ஏற்கும் தொழில்நுட்பமாகும். அதுவரை அது சுற்றுலாப் படம். வெப்ப நாடுகளில் குளிரூட்டியைக் குறைத்துக் கட்டுவது எப்படி என்று உலகம் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், முற்றமும் தடித்த சுவரும் சுண்ணாம்பும் அடுக்கோடும் தெரிந்த ஊர் அந்த அறிவை எழுதி வைக்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பழைய வீடுகளை இடித்து, தூணையும் கதவையும் பழம்பொருள் கடைக்கு விற்கும்போது நாம் பாடப்புத்தகத்தைக் கிழித்து விற்கிறோம்.

இரு பாதியையும் ஒருவரே தாங்கிய சான்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. பிள்ளையார்பட்டியில் 1927-இல் பிறந்த வை. கணபதி ஸ்தபதி கன்னியாகுமரியின் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்துத் தந்தார். மாமல்லபுரம் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் காவாய் தீவில் எழுந்த இறைவன் கோயில் அவர் வகுத்த வடிவம். பெங்களூரில் செதுக்கிய கற்கள் கப்பலேறிப் போய் அங்கே பூட்டப்பட்டன. வடிவமும் கணக்கும் கைத்திறனும் ஒன்றாக ஏற்றுமதியானது அப்படித்தான்.

இனி தமிழ்ச் சொல். கட்டடக்கலை படித்துப் பதிவு பெற்றவரைக் குறிக்க 'கட்டடக் கலைஞர்' என்பது பொருத்தம். 'கட்டிடக் கலைஞர்' என்றும் எழுதுகிறார்கள். கட்டிய பொருளைக் குறிப்பது கட்டடம், கட்டுவதற்கான இடம் கட்டிடம் என்று பிரித்துக் காண்பதே தெளிவு. கலைஞர் என்றதும் அழகு மட்டும் நினைவுக்கு வருகிறது என்று சிலர் தயங்குகிறார்கள். கலை என்பது தமிழில் பயின்று பெறும் துறையறிவையும் சேர்த்தே குறிக்கும், தயங்க வேண்டியதில்லை. 'வடிவமைப்பாளர்' மிகப் பொதுவான சொல், சட்டைக்கும் அதுவே. 'பொறியாளர்' வேறு தொழில். 'ஸ்தபதி' கோயில், சிற்ப மரபுக்குரியது. அதை மற்றவர் எடுத்துக்கொள்வது முறையன்று. கணினித் துறையின் ஆர்க்கிடெக்டுக்குக் 'கட்டமைப்பாளர்' போதும். மேஸ்திரி போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரே'யிலிருந்து வந்தது. வேலை நடத்துபவருக்கு அது நன்றாகப் பதிந்துவிட்டது, இருக்கட்டும்.

'பெருந்தச்சர்' என்ற சொல்லையும் மீட்டெடுக்கலாம் என்பது என் கருத்து. பட்டம் இல்லாமல், கைத்திறனில் தலைமை பெற்ற ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் அது உரிய மதிப்பைக் கொடுக்கும்; சட்டம் காக்கும் பெயரோடு மோதவும் செய்யாது. கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு வீட்டைப் புதுப்பிக்கும்போது, வரைபடத்தின் கீழ் மூலையில் கட்டடக் கலைஞரின் பெயரும் பதிவெண்ணும் வரட்டும்; அடுத்த வரியில் பெருந்தச்சரின் பெயரும் ஊரும் வரட்டும்; அதற்கடுத்து, சுண்ணாம்பின் கலவையும் அதைச் சோதித்த நாளும்.