பித்தளைக் கூடு செய்யும் வேலை

கிருஷ்ணகிரிப் பக்கம் ஜல்லி குவாரியும் உண்டு, கிரானைட் குவாரியும் உண்டு. ஜல்லிக்குக் கல் நொறுங்க வேண்டும். அங்கே போடும் மருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் வேகத்தில் வெடித்து, அதிர்ச்சியிலேயே பாறையைச் சிதறடித்துவிடும். ஏற்றுமதிக்குப் பாளம் எடுக்கும் இடத்தில் அப்படி வெடித்தால் பாளமெல்லாம் விரிசல்தான், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் வைரம் பதித்த கம்பியால் அறுத்து எடுக்கிறார்கள். ரைபிள் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து ஜல்லி குவாரி வகையைச் சேர்ந்ததல்ல. அது எரிகிறது, அவ்வளவுதான். எரிந்து வரும் வாயு குண்டைப் பிடித்துத் தள்ளுகிறது.

அமெரிக்காவில் சுட்டு முடித்த தோட்டாவை வீட்டு மேஜையிலேயே மறுபடி நிரப்புவது பலருக்குப் பொழுதுபோக்கு. ரீலோடிங் என்பார்கள். காசு மிச்சமாகும் என்று தொடங்கி, தன் துப்பாக்கிக்குப் பொருந்தும் அளவைத் தேடிப் பிடிப்பதில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். தோட்டாவில் இருப்பவை நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீ மூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் கடைசி மூன்றும் தீர்ந்துபோகும். கூடு மட்டும் மிஞ்சும். இந்தப் பொழுதுபோக்கே அந்தக் கூட்டை நம்பித்தான் இருக்கிறது.

சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளை அது. '.308 வின்செஸ்டர்' என்ற பரவலான ரைபிள் தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். காற்று மண்டல அழுத்தத்தைப் போல 4,000 மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் கூடு உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் சுடுபவரின் முகத்துக்கு வராமல் அடைக்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிக்கொள்கிறது. அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் கூட்டை வெளியே இழுக்கவே முடியாது.

ஆனால் பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பாது. எனவே எஃகு அச்சுக்குள் எண்ணெய்ப்பசையோடு அழுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உப்புவதும் நசுங்குவதுமாக இருந்தால் பித்தளை இறுகி, கழுத்தில் விரிசல் விடும். பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர்கள் நடுநடுவே தணலில் காட்டி எடுப்பது இதே இறுக்கத்தைப் போக்கத்தான். தோட்டாவிலும் அதைச் செய்கிறார்கள், கழுத்துக்கு மட்டும். அடிப்பக்கம் இளகிவிட்டால் அடுத்த முறை அழுத்தத்தைத் தாங்காது.

பிரைமரில் ஒரு வேடிக்கை. 1860களில் இங்கிலாந்தின் பாக்ஸர் ஒரு வகையையும், அமெரிக்காவின் பெர்டன் இன்னொரு வகையையும் உருவாக்கினார்கள். பாக்ஸர் வகை அமெரிக்காவில் நிலைத்தது, பெர்டன் வகை ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை; ஊசியை விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். அமெரிக்காவில் ரீலோடிங் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் மருந்து. இங்கேதான் ஆபத்து முழுவதும். 1884இல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய புகையற்ற மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். நீலகிரி அருவங்காட்டின் கார்டைட் ஆலை பெயரில் இருக்கும் கார்டைட்டும் இந்தக் குடும்பம்தான். அழுத்தம் ஏற ஏற இது வேகமாக எரியும்; வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். மருந்தைச் சற்றுக் கூட்டினாலோ, குண்டைச் சற்று ஆழமாக அழுத்தி உள்ளிடத்தைக் குறைத்தாலோ அழுத்தம் கணக்கை மீறி எகிறிவிடும். அதனால் கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். தராசு அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும். மருந்துத் தயாரிப்பாளர் அச்சிட்ட உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே தொடங்கி, அழுத்தம் மிஞ்சுவதற்கு அடையாளமாகப் பிரைமர் தட்டையாகிறதா என்று ஒவ்வொரு படியிலும் பார்த்துப் பார்த்து ஏறுவார்கள்.

கருமருந்து இவ்வளவு முரண்டு பிடிக்காது. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த அதன் எரிவேகம் அழுத்தத்தால் அவ்வளவாக மாறாது. 1791இல் இராயக்கோட்டையைப் பிடித்த கம்பெனிப் படையின் சிப்பாய்கள் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குழாயில் கொட்டியே சுட முடிந்தது. தளி, அஞ்செட்டிக் காட்டோரத்து நாட்டுத் துப்பாக்கியும் அதே முறைதான், குண்டுக்குப் பதில் பால்ரஸ். அதில் கண்ணளவாகப் புகையற்ற மருந்தைப் போட்டால் குழாய் கிழிந்து கையோடு போய்விடும்.

இதைப் படித்துவிட்டுத் தருமபுரியில் மேஜை போட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பொழுதுபோக்கு என்று சொன்னால் எந்த ஸ்டேஷனிலும் எடுபடாது.

என்சிசி முகாமில் மாணவர்கள் சுடும் .22 தோட்டாவின் கூட்டை வைத்துக்கொண்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதில் தனியாகப் பிரைமர் கிடையாது. தீ மூட்டும் கலவை அடித்தட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீ பிடிக்கிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்த வழியில்லாததால் அந்தக் கூடு ஒரு தடவையோடு சரி.